ஆயிரம் பதிவுகளும் ஒரு திருத்தமும்: நீண்ட நூல்களுக்குப் பக்கவடிவமைப்புக் கருவியைத் தேர்வது

வழக்கமாக இங்கே நூல்களைப் பற்றிப் பேசுகிறோம். இன்று நூல் உருவாகும் இடத்தைப் பற்றி, அதாவது பக்கவடிவமைப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதிலும் நீண்ட நூல்களைப் பற்றி மட்டும்.

நூறு பக்கக் கவிதைத் தொகுப்புக்கு எந்தக் கருவியும் போதும். பிழை தெரிந்தால் ஒரு மாலைப்பொழுதில் கையால் சரிசெய்துவிடலாம். ஐந்நூறு, ஆயிரம் பக்கம் போகிற நூல்களின் கதை வேறு. நூல்விவரப் பட்டியல், அகராதி, ஊர் வரலாறு, ஒருவருடைய படைப்புகளின் முழுத்தொகுப்பு போன்றவற்றைச் சொல்கிறேன். புலம்பெயர்ந்த நாடுகளில் இவற்றைப் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ வேலை முடிந்து வந்த இரவுகளில்தான் உருவாக்குகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய பதிப்பகமும் இல்லை, சம்பளத்துக்கு அமர்த்திய வடிவமைப்பாளரும் இல்லை. கருவியைத் தவறாகத் தேர்ந்தால் அதன் சுமை முழுவதும் அந்த ஒருவரின் தலையில்தான் விழும்.

"எந்த மென்பொருள் நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நூலில் ஒரு திருத்தம் செய்தால் நான் எத்தனை இடங்களில் கைவைக்க வேண்டியிருக்கும்?

நூல்தேட்டம் என்ற எடுத்துக்காட்டு

இதற்கு நம் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நூலகராகப் பணியாற்றிப் பின்னர் பிரித்தானியாவில் குடியேறிய என். செல்வராஜா தொகுக்கும் 'நூல்தேட்டம்', ஈழத்தவரின் தமிழ் நூல்களுக்கான விவரப்பட்டியல். முதல் தொகுதி 2002இல் வெளிவந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் 1000 நூல்கள். ஒவ்வொரு பதிவிலும் தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சகம், ஆண்டு, பக்கங்கள், அளவு, பிறகு ஒரு சிறு குறிப்பு. பதிவுகள் பாடவாரியாகப் பகுக்கப்பட்டிருக்கும். பதிவெண் தொகுதிக்குத் தொகுதி தொடர்ந்து செல்லும். தலைப்பைக் கொண்டும் ஆசிரியர் பெயரைக் கொண்டும் தேடுவதற்கு இறுதியில் தனித்தனிச் சுட்டிகள் இருக்கும்.

இப்படி ஒரு நூலை நீங்கள் உருவாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கிறது. 340ஆம் பதிவும் 612ஆம் பதிவும் ஒரே நூல்தான் என்று அப்போதுதான் தெரியவருகிறது. ஒரே நூல் இரு பாடப்பிரிவுகளில் நுழைந்துவிட்டது. 612ஐ நீக்குகிறீர்கள். உடனே 613 முதல் 1000 வரை உள்ள 388 பதிவெண்கள் ஒவ்வொன்று குறையவேண்டும். அந்த 388 பதிவுகளும் தலைப்புச் சுட்டியில் ஓரிடத்திலும் ஆசிரியர் சுட்டியில் ஓரிடத்திலும் குறைந்தபட்சம் வந்திருக்கும். அங்கே 776 எண்கள் மாறவேண்டும். "காண்க: 705" என்று உள்ளே எழுதியவை தனி. ஒரேயொரு பதிவை நீக்கியதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள்.

எண்களைக் கையால் தட்டெழுதியிருந்தால் இரண்டு வழிகள்தான் உண்டு. இரவிரவாக இருந்து திருத்தலாம். அப்போது புதிய பிழைகள் நுழையும். அல்லது 612ஐ அப்படியே விட்டுவிடலாம். அப்போது தெரிந்தே ஒரு பிழையை அச்சிடுவோம். எண்களை மென்பொருளே கணிக்கும்படி நூலை அமைத்திருந்தால், பதிவை நீக்கி மறுபடி ஓடவிட்டால் போதும். நீண்ட நூலுக்கான கருவியைத் தேர்வதில் முதலாவது அளவுகோல் இதுதான். பதிவெண், பக்க எண், உள்ளடக்கம், சுட்டி, குறுக்குக் குறிப்பு ஆகியவற்றில் எதையும் மனிதர் தட்டெழுதக்கூடாது.

ஈய எழுத்தின் காலம்

இந்தச் சிக்கல் பழையது. பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் இருந்த தமிழ் நூல்களின் பட்டியலை எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தயாரித்தார்கள், அது 1909இல் இலண்டனில் வெளியானது. அதன் பின் சேர்ந்த நூல்களுக்கு பார்னெட் 1931இல் ஒரு துணைப்பட்டியலைத் தனி நூலாக வெளியிட்டார். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் அதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. அச்சு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிடுவார்கள். மறுபதிப்பு என்றால் முதற்பக்கத்திலிருந்து மறுபடி கோக்கவேண்டும். ஆகவே பழையதைத் தொடாமல் புதியதை ஒட்டினார்கள். படிப்பவர் இரண்டு நூல்களையும் புரட்ட வேண்டியிருந்தது.

கணினி வந்தபின் அந்தத் தடை போய்விட்டதென்று நாம் நம்பினோம். நடந்தது வேறு.

பாமினி விட்டுச்சென்ற பாடம்

இலண்டனில் இ. பத்மநாப ஐயர் தொகுத்து, நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் வெளியிட்ட தொகைநூல்களை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 'கிழக்கும் மேற்கும்' 1997இலும், 'இன்னுமொரு காலடி' 1998இலும், 'யுகம் மாறும்' 1999இலும், 'கண்ணில் தெரியுது வானம்' 2001இலும் வந்தன. அந்த ஆண்டுகளில் பல நாடுகளில் இருந்தவர்களின் ஆக்கங்களை ஒன்றுசேர்ப்பது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது. ஈழத்தவரிடையே பாமினி எழுத்துரு பரவியிருந்தது. இணையத்தில் டிஸ்கி என்ற குறியேற்றம் வந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 1999இல் டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்கள் அறிவிக்கப்பட்டன. ஓர் எழுத்துருவில் அடித்தது இன்னொன்றில் திறவாது.

பாமினி போன்ற எழுத்துருக்கள் என்ன செய்தன? ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. திரையில் தமிழ் தெரியும். கணினிக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருளற்ற எழுத்துக்குவியல். 'கெ' என்று எழுத, தட்டச்சுப் பொறியில் போலவே கொம்பை முதலில் அடித்துப் பிறகு ககரத்தை அடிக்கவேண்டும். அதனால் கணினியால் சொற்களைச் சரியாகத் தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது.

அந்தக் காலத்தில் பெரும்பாலான நூல்கள் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டன. அதன் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. அதே நிறுவனத்தின் இன்டிசைன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றைய இன்டிசைன் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்காது. டைப் 1 வகைப் பழைய எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே கணினியிலேயே எழுதி, கணினியிலேயே வடிவமைத்த பல நூல்களின் பாடம் இன்று தாளில் மட்டும் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்றவற்றின் தன்னார்வலர்கள் அந்தத் தாளை மின்வருடிப் படங்களாகச் சேமிக்கிறார்கள். ஒரு காலத்தில் எழுத்தாக இருந்ததை இப்போது படமாக மீட்கிறோம்.

இதிலிருந்து இரண்டாவது அளவுகோல் கிடைக்கிறது. நூலின் பாடம் ஒருங்குறியில் இருக்கவேண்டும். வடிவமைப்புக் கருவி செத்தாலும் அந்தப் பாடம் தனியே பிழைக்கவேண்டும்.

கருவிகள் ஒவ்வொன்றாக

முதலில் நம் எல்லோரிடமும் இருக்கும் வேர்ட். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக மாற்றாமல் 'ஸ்டைல்' கொடுத்து அமைத்தால் உள்ளடக்கம் தானாக வரும். பதிவெண்ணைத் தானியங்கி எண்ணாக வைக்கலாம், குறுக்குக் குறிப்புகளைப் புலங்களாக இடலாம், சுட்டியும் உருவாக்கலாம். முந்நூறு பக்க உரைநடைக்கு இது போதும். ஆயிரக்கணக்கான சுட்டிப் புலங்களும் படங்களும் அடிக்குறிப்புகளும் சேரும்போது கோப்பு கனத்துவிடும். ஒரு பக்கத்தில் தொட்டால் தொலைவில் இருக்கும் பக்கம் குலையும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் அத்தியாயங்களைத் தனிக்கோப்புகளாக வைத்து ஒரு தலைமை ஆவணத்தில் இணைக்கலாம். கோப்பு வடிவமும் திறந்தது என்பது அதன் பலம்.

அடுத்தது இன்டிசைன். பக்கம் பார்க்க அழகாக வேண்டும், படங்கள் நிறைய உண்டு, அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை வடிவமைப்பாளர் ஒருவர் பொறுப்பேற்கிறார் என்றால் இதற்கு ஈடு குறைவு. அத்தியாயங்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்து ஒரே 'புக்' ஆக இணைத்தால் பக்க எண்கள் தொடர்ந்து வரும். தமிழுக்கு ஒன்றைக் கட்டாயம் செய்யவேண்டும்: பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசரைத் தெரிவுசெய்யவேண்டும். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இதன் குறைகள் இரண்டு. மாதச் சந்தாவை நிறுத்தினால் உங்கள் நூலை நீங்களே திறக்க முடியாது. மேலும் வடிவமைப்பாளர் கடைசி நேரத்தில் செய்த திருத்தங்கள் அவருடைய கோப்பில் மட்டும் இருக்கும்; ஆசிரியரிடம் இருக்கும் பாடம் பழையதாகவே நின்றுவிடும்.

ஸ்கிரிபஸ் இலவசம். 2024இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேருகின்றன. துண்டறிக்கைக்கும் சிறு சஞ்சிகைக்கும் நல்லது. சுட்டியும் அடிக்குறிப்பும் நிறைந்த நீண்ட நூலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது டெக். அது பிறந்த கதையே நம் பேச்சுக்குப் பொருத்தமானது. கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் எழுதிய பெருநூலின் இரண்டாம் தொகுதிக்கு 1977இல் மறுபதிப்பு வேலை நடந்தது. முதற்பதிப்பு ஈய எழுத்தில் அழகாக வந்திருந்தது. மறுபதிப்பைப் புதிய ஒளியச்சு முறையில் கோத்து அனுப்பிய மெய்ப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. தம் நூலுக்காகத் தாமே ஒரு முறையை எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டே டெக்கின் முதல் வடிவம் வந்தது. பின்னர் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லாடெக் என்ற எளிய அடுக்கைக் கட்டினார். 2004இல் ஜொனதன் கியூ உருவாக்கிய ஸீடெக், ஒருங்குறியையும் இன்றைய எழுத்துருக்களையும் நேரடியாக ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து தமிழுக்கு டெக் எளிதாயிற்று. லுவாடெக் என்ற கிளையும் இப்போது உண்டு.

இதில் நீங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வதில்லை. வெறும் எழுத்துக்கோப்பில் 'இது தலைப்பு', 'இது பதிவு', 'இப்பெயர் சுட்டியில் சேரட்டும்' என்று குறித்துக்கொண்டே போகிறீர்கள். எண்ணிடுவதும் பக்கம் பிரிப்பதும் அதன் வேலை. வரியை ஒவ்வொன்றாக முறிக்காமல் ஒரு பத்தி முழுவதையும் ஒருங்கே பார்த்து முறிவுகளைத் தீர்மானிக்கிறது. இருபது வருடம் கழித்தும் அந்தக் கோப்பை எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். இலவசமும்கூட. குறை என்னவென்றால், கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். ஒரு அடைப்புக்குறி விடுபட்டால் வருகிற பிழைச்செய்தி புதியவரை மிரட்டும். படங்களை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்க்க விரும்புகிறவருக்கு இது ஒத்துவராது.

2023இல் பொதுவெளிக்கு வந்த டைப்ஸ்ட் இதே வழியில் செல்லும் புதிய கருவி. குறியிடும் முறை எளிது, ஓட்டமும் வேகம். இளமையான கருவியானதால் அதன் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும். எந்தப் பதிப்பில் நூலை முடித்தீர்கள் என்று குறித்து வைப்பது நல்லது.

தமிழுக்கான சோதனைகள்

ஆங்கில நூல்களை மனதில் வைத்து எழுதிய ஒப்பீடுகளில் நம் மொழிக்குரிய சிக்கல்கள் வருவதில்லை. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது அகரவரிசை. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் எண்வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசை அல்ல. அங்கே னகரம் நகரத்தை அடுத்தே வந்துவிடுகிறது. ளகரம் ழகரத்துக்கு முன் நிற்கிறது. ஆகவே குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் கருவி 'மனம்' என்பதை 'மரம்' என்பதற்கு முன் வைக்கும். 'பள்ளி'யைப் 'பழம்' என்பதற்கு முன் வைக்கும். புள்ளி எழுத்தும் இடம் மாறும்: 'அக்கா' 'அகம்' என்ற வரிசை தலைகீழாகும். டெக்கோடு வரும் பழைய சுட்டிக் கருவிக்குத் தமிழ் வரிசை தெரியாது. ஒருங்குறியின் மொழிவாரி வரிசை விதிகளை அறிந்த துணைக்கருவியைச் சேர்க்கவேண்டும். எந்தக் கருவியானாலும் மேலே சொன்ன ஆறு சொற்களைக் கொடுத்துப் பாருங்கள்.

பெயர்களில் இன்னும் ஒரு முடிச்சு உண்டு. நம் தலையெழுத்து பெயருக்கு முன்னால் வருவதால், அப்படியே வரிசைப்படுத்தினால் எல்லா 'எஸ்.'களும் எகரத்தில் குவியும். இலங்கையில் 'ரி.' என்று எழுதப்படுகிறவர் தமிழ்நாட்டில் 'டி.' ஆகிவிடுவார். 'இராஜ', 'ராஜ' என்ற இரு வழக்குகளும் ஒரே ஆசிரியரை இரண்டாக்கும். இதை எந்த மென்பொருளும் தீர்த்துவைக்காது. பெயரையும் தலையெழுத்தையும் தனித்தனிப் புலங்களில் வைத்து, ஒருவருக்கு ஒரே வடிவத்தை முதலிலேயே முடிவுசெய்யவேண்டும்.

இரண்டாவது வரிமுறிவு. நம் சொற்கள் புணர்ந்து நீளும். ஒடுங்கிய பத்தியில் இருபக்கமும் சமமாக நிறுத்தினால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும். சொல்லை முறிக்கலாம், ஆனால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக்கூடாது என்பது பழைய அச்சுக்கூடங்களின் வழக்கம். டெக்கில் தமிழுக்கான முறிவு விதிகள் உள்ளன. மற்றவற்றில் சில பக்கங்களை அச்சிட்டு, வரித் தொடக்கங்களை மட்டும் கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது வரி இடைவெளி. மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் தமிழுக்குச் சற்று அதிக இடைவெளி வேண்டும். பக்கத்துக்கு 36 வரிகளில் 1000 பக்கம் வரும் நூல், 33 வரிகளாக்கினால் ஏறத்தாழ 1091 பக்கம் ஆகும். அச்சுச் செலவும் தபால் செலவும் ஏறும். இந்த முடிவை முதலிலேயே எடுக்கவேண்டும். பிறகு மனம் மாறினாலும் ஓரிடத்தில் மாற்றினால் நூல் முழுவதும் மாறும்படி இருக்கவேண்டும்.

எதைத் தேர்வது?

பட்டியல், அகராதி போல ஒரே அச்சில் வார்த்த பதிவுகள் கொண்ட நூலென்றால், தரவை முதலில் ஒரு விரிதாளில் வையுங்கள்: ஒரு பதிவுக்கு ஒரு வரிசை, ஒரு விவரத்துக்கு ஒரு நிரல். அதிலிருந்து லாடெக் வழியாகப் பக்கங்களை உருவாக்குவதே என் பரிந்துரை. பத்துத் தொகுதிகள் வந்தபின் பத்துக்கும் சேர்த்து ஒரே சுட்டி வேண்டுமென்றாலும் அந்தத் தரவே போதும். துணைப்பட்டியலை ஒட்டுகிற 1931இன் கட்டாயம் நமக்கு இல்லை.

அடிக்குறிப்புகள் நிறைந்த ஊர் வரலாறு, கட்டுரைகளின் முழுத்தொகுப்பு என்றால் வேர்ட் அல்லது ரைட்டரில் ஒழுங்காக ஸ்டைல் இட்டு எழுதுங்கள். அங்கிருந்து இன்டிசைனுக்கோ லாடெக்குக்கோ போகலாம். இன்டிசைனில் கொடுத்தால் வடிவமைப்பாளரிடம் அச்சுக்குரிய பிடிஎஃப் மட்டும் வாங்காதீர்கள். மூலக்கோப்பு, எழுத்துருக்கள், திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த இறுதிப் பாடத்தின் ஒருங்குறிக் கோப்பு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப்பார்த்தால் ஏன் என்று புரியும்: பல வேளைகளில் கொம்பும் காலும் சிதறி விழும். பிடிஎஃப் அச்சகத்துக்கானது, காப்பகத்துக்கு அது போதாது.

எதையும் முடிவுசெய்யும் முன் இருபது பக்கங்களை எடுத்துச் சோதியுங்கள். நூலில் மிகச் சிக்கலான இருபது பக்கங்களாக இருக்கட்டும். நடுவிலிருந்து ஒரு பதிவை நீக்குங்கள். வரி இடைவெளியை மாற்றுங்கள். சுட்டியை மறுபடி உருவாக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு நண்பரின் கணினிக்கு அனுப்பி, உங்கள் உதவியின்றி அவர் திறந்து ஒரு பிழையைத் திருத்த முடிகிறதா என்று பாருங்கள்.

அந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். நம் பெருநூல்கள் பலவும் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு. அவருக்குப் பின் அடுத்த பதிப்பைக் கொண்டுவரப்போகிறவர் அவருடைய பிள்ளையாக இருக்கலாம், முகம் தெரியாத ஒரு மாணவராகவும் இருக்கலாம். அவர் கையில் கிடைப்பது திறக்கும் கோப்பா, திறவாத கோப்பா என்பதை இன்று நாம் தேர்கிற கருவிதான் முடிவுசெய்கிறது. உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.